திரையில் உலவிய காட்டு வீரன்

கதை கேட்கும் விருப்பம் மக்களிடம் இயல்பாகவே அமைந்தது. அவ்விருப்பத்தை நிறைவு செய்யப் பாட்டியின் வாய்மொழியும், கூத்தும், நாடகமும் பன்னெடுங்காலம் உதவின. இருபதாம் நூற்றாண்டில் அப்பணியைத் திரைப்படம் பெருமளவில் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் பிறந்த கதைமாந்தர் பலர் திரையில் ஏறி உலகெங்கும் உலாவந்தனர். அவர்களுள் ஒருவன் டார்ஜான் என்னும் காட்டு வீரன். 1918-ஆம் ஆண்டு தொடங்கி நூறாண்டுக் காலமாக, நடிகர் பலர் மாறிமாறி அவன் வேடத்தைத் தாங்கி வந்துள்ளனர். பெயர் ஒன்றே, ஆயினும் அவன் பேசும் பேச்சும், அவன் இயல்பும், அவன் வாழும் காடும் காலத்துக்குக் காலம் பெரிதும் வேறுபட்டன. அவ்வேறுபாடுகளை ஆராய்ந்தால், டார்ஜானைப் பற்றி மட்டுமன்றி, அவனைத் திரையில் படைத்த மக்களின் மனநிலையைப் பற்றியும் பல செய்திகளை அறியலாம்.

இக்கதையை எழுதியவர் எட்கார் ரைஸ் பரோஸ் என்னும் அமெரிக்கர். அவர் 1875-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தார். குதிரைப்படையிலும், மாட்டுப் பண்ணையிலும், தங்கம் அரிக்கும் தொழிலிலும் ஈடுபட்டு, எதிலும் நிலைபெறாது, பென்சில் சீவும் கருவிகளை விற்கும் முகவராகச் சில காலம் காத்திருந்தார். அந்நாளில் பொழுதுபோக்கு இதழ்களில் வெளிவந்த கதைகளைப் படித்த அவர், இவற்றினும் நல்ல கதைகளைத் தம்மால் எழுத இயலும் என்று துணிந்தார். அத்துணிவின் பயனாகத் தோன்றிய டார்ஜான் கதை, 1912-ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1914-இல் நூல் வடிவம் பெற்றது. பின்னர் இருபதுக்கு மேற்பட்ட நூல்களாக அது வளர்ந்தது.

கதையின் சுருக்கம் இதுவாகும்: ஆங்கிலப் பிரபு ஒருவரும் அவர் மனைவியும் ஆப்பிரிக்காவின் மேலைக் கடற்கரையில் கைவிடப்படுகின்றனர். அங்கே ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. பெற்றோர் இருவரும் மாண்டபின், கலா என்னும் பெண் மனிதக்குரங்கு தன் இறந்த குட்டிக்கு ஈடாக அக்குழந்தையை எடுத்து வளர்க்கிறது. குரங்குகளின் மொழியில் 'வெண்டோலன்' என்னும் பொருள்படும் 'டார்ஜான்' என்ற பெயர் அவனுக்கு அமைகிறது. பெற்றோர் வாழ்ந்த குடிசையைச் சிறுவன் ஒருநாள் கண்டடைகிறான். அங்கிருந்த படப் புத்தகங்களில் ஊர்ந்து செல்லும் பூச்சிகளைப் போல் தோன்றிய எழுத்துகளைப் பல்லாண்டு உற்று நோக்கி, ஆசிரியர் எவருமின்றித் தானே படிக்கக் கற்றுக்கொள்கிறான். ஆங்கிலம் படிக்கத் தெரியும், பேசத் தெரியாது. அவன் முதன்முதல் பேசக் கற்ற மனித மொழி பிரெஞ்சு. அதனைக் கற்பித்தவர் காட்டில் அவனால் காப்பாற்றப்பட்ட பிரெஞ்சுக் கடற்படையாளர் ஒருவர். பின்னர் அவன் பல மொழிகளில் தேர்ச்சி பெறுகிறான். எனவே நூலில் வரும் டார்ஜான் உடல் வலிமையோடு அறிவு வலிமையும் வாய்ந்தவன் என்பது தெளிவு.

இக்கதையை எழுதிய பரோஸ் ஆப்பிரிக்க மண்ணில் கால் வைத்தவர் அல்லர். நூல்களைப் படித்தும், கற்பனையைத் துணைக்கொண்டும் அவர் காட்டைப் படைத்தார். இதனால் நேர்ந்த பிழை ஒன்று சுவையானது. இதழில் வந்த முதற் கதையில் ஆப்பிரிக்கக் காட்டில் புலி உலாவியது. ஆப்பிரிக்காவில் புலி இல்லையே என்று படித்தவர்கள் எடுத்துரைத்தனர். நூலாக வெளிவந்தபோது அப்புலி பெண் சிங்கமாக மாறிற்று. விலங்கைப் பற்றிய பிழை எளிதில் திருந்தியது. ஆனால், அந்நாட்டு மக்களைக் கொடியவராகவும் அறிவிலராகவும் காட்டிய பிழையை அன்று எடுத்துரைப்பார் அரியர். அப்பிழையே நூலிலிருந்து திரைக்கும் சென்றது. ஆகவே, டார்ஜான் படங்களைக் காணும்போது இரண்டு வினாக்களை மனத்தில் கொள்ளுதல் நலம். கதைத் தலைவன் எவ்வாறு பேசுகிறான்? அந்நாட்டு மக்கள் பேசுவதற்கு இடம் தரப்பட்டுள்ளதா?

முதற்படம் ஊமைப்படக் காலத்தைச் சேர்ந்தது. 1918-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில், அகன்ற மார்பும் திரண்ட தோள்களும் உடைய எல்மோ லிங்கன் டார்ஜானாகத் தோன்றினார். சிறுவயது டார்ஜானாக நடித்தவர் கார்டன் கிரிபித் என்னும் சிறுவர். ஆப்பிரிக்கக் காடாக நடித்தது, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சதுப்பு நிலம். மனிதக்குரங்குகளாக நடித்தவர்கள் தோல் உடை போர்த்த மனிதர்களே. ஊமைப்படம் ஆதலின் கதைத் தலைவன் பேச வேண்டிய தேவை இல்லை. வேண்டிய சொற்களை எழுதிக் காட்டினர். ஆயினும் ஒரு மாற்றத்தை அப்போதே செய்தனர். தானே எழுத்தறிந்த சிறுவனைக் காட்டுவது அரிது என்று எண்ணினர் போலும்! மாலுமி ஒருவன் வந்து அவனுக்கு எழுத்துக் கற்பிப்பதாகப் படத்தை அமைத்தனர். இவ்வாறு கதைத் தலைவனின் அறிவு முதற்படத்திலேயே சிறிது குறைந்தது.

முதற்படம் பெரும்பொருள் ஈட்டவே, வேறு படங்கள் தொடர்ந்தன. தீயணைப்புப் படையைச் சேர்ந்த ஜீன் போலர், பந்தாட்ட வீரர் ஜேம்ஸ் பியர்ஸ், உடற்பயிற்சி வல்லுநர் பிராங்க் மெரில் ஆகியோர் அடுத்தடுத்து டார்ஜானாக நடித்தனர். இவர்களுள் பெரும்பாலோர் நடிப்புக்காக அன்றி உடற்கட்டுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டனர். காட்டு வீரன் என்றால் தசைவலிமை என்ற எண்ணம் அந்நாளில் வேரூன்றிவிட்டது.

பேசும்படம் தோன்றியபின் டார்ஜான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. 1932-ஆம் ஆண்டு மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் எடுத்த படத்தில் ஜானி வைஸ்முல்லர் டார்ஜானாகவும், மொரீன் ஓசல்லிவன் ஜேன் என்னும் நங்கையாகவும் நடித்தனர். வைஸ்முல்லர் நீச்சலில் நிகரற்றவர். நூறு மீட்டர் தொலைவை ஒரு நிமிடத்துக்குள் முதன்முதல் நீந்திக் கடந்தவர் அவரே. 1924, 1928 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். அவர் நீரில் பாய்ந்து செல்லும் அழகு மக்கள் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. 1948-ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு படங்களில் அவர் டார்ஜானாக விளங்கினார்.

ஆனால் விந்தையைப் பாருங்கள்! படத்துக்குப் பேச்சு வந்தது. டார்ஜானின் பேச்சோ போயிற்று. நூலில் பல மொழி வல்லவனாக விளங்கியவன், திரையில் இரண்டொரு சொற்களை மட்டும் தட்டுத்தடுமாறிக் கூறுபவன் ஆனான். தன் மார்பையும் ஜேனையும் மாறிமாறிச் சுட்டி இருவர் பெயரையும் சொல்லும் காட்சி உலகப் புகழ்பெற்றது. மலையும் காடும் அதிர அவன் எழுப்பும் நெடுங்குரலை உலகெங்கும் சிறுவர்கள் தம் தெருக்களில் எழுப்பி மகிழ்ந்தனர். சீட்டா என்னும் சிம்பன்சிக் குரங்கும் படத்தில் புகுந்து புகழ் பெற்றது. இக்குரங்கு பரோஸ் படைத்ததன்று, படமெடுத்தோர் படைத்ததே. நூலைப் படியாத கோடிக்கணக்கான மக்களுக்கு வைஸ்முல்லரே டார்ஜான்; சில சொற்களே அவன் மொழி. ஒரு படைப்பின் திரைவடிவம் மூலவடிவத்தை மறைத்துவிடுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இப்படங்களில் காட்டைப் படைத்த முறையும் அறியத்தக்கது. அதே நிறுவனம் முன்னர் ஆப்பிரிக்காவுக்கு ஒரு குழுவை அனுப்பி வேறொரு படத்தை எடுத்து, 1931-இல் வெளியிட்டிருந்தது. அப்பயணத்தில் எடுத்த காட்சிகள் இப்படத்துக்குப் பயன்பட்டன. முன்பே எடுத்த காட்சியை ஒரு திரையின் பின்புறமிருந்து ஒளியால் விழச்செய்து, அதன் முன்னே நடிகரை நிறுத்தி மீண்டும் படமெடுத்தனர். அதனால் அமெரிக்காவை விட்டு அகலாத நடிகர்களும் ஆப்பிரிக்காவில் நிற்பவர் போலத் தோன்றினர். கொடியைப் பற்றி மரத்துக்கு மரம் தாவும் அரிய காட்சிகளில், சர்க்கஸ் ஊஞ்சல் வித்தையில் புகழ்பெற்ற ஆல்பிரெடோ கொடோனா வைஸ்முல்லருக்கு ஈடாகத் தாவினார். பின்வந்த படங்களில் நீருக்கடியில் நிகழும் காட்சிகளைப் புளோரிடா மாநிலத்துத் தெளிந்த ஊற்றுகளில் எடுத்தனர். படத்தில் வரும் யானைகள் ஆசிய யானைகள். அவற்றின் காதுகள் சிறியவை. ஆப்பிரிக்க யானையின் காதுகளோ முறம் போல் மிகப் பெரியவை. எனவே ஆசிய யானைகளின் காதுகளின்மேல் பெரிய போலிக் காதுகளைப் பொருத்தி அவற்றை ஆப்பிரிக்க யானைகளாக நடிக்கச் செய்தனர்! யானையை நன்கு அறிந்த நம் நாட்டு மாணவர்கள் அதன் முதுகையும் நெற்றியையும் நோக்கினால் உண்மையை உடனே உணர்வர்.

யானைக்குப் போலிக் காது பொருத்தியது போலவே, அந்நாட்டு மக்களுக்கும் போலி இயல்புகளைப் பொருத்தினர். திரையில் ஆப்பிரிக்கர் சுமை தூக்குவோராகவோ, ஈட்டி ஏந்திக் கூச்சலிடுவோராகவோ மட்டுமே வருவர். 1932-ஆம் ஆண்டுப் படத்தில், வெள்ளையரின் மூட்டையைச் சுமந்து செல்லும் ஒருவர் செங்குத்தான மலை விளிம்பிலிருந்து தவறி வீழ்ந்து மாள்கிறார். அவருக்காக நின்று வருந்தக் கதைக்கு நேரமில்லை. பயணம் மேலே தொடர்கிறது. அவருக்கும் வீடு உண்டு, மக்கள் உண்டு, மொழி உண்டு என்ற எண்ணம் காண்போர்க்குத் தோன்ற அப்படம் இடம் தரவில்லை. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐரோப்பியர் ஆட்சியில் அடங்கியிருந்த காலம் அது. ஆளப்படுவோர் தம்மைத் தாமே ஆளத் தெரியாதவர் என்று ஆள்வோர் கருதிய கருத்தே திரையிலும் நிழலாடியது.

தம் கதைத் தலைவன் பேச்சற்றவனாக மாறியதைப் பரோஸ் விரும்பவில்லை. ஆகவே அவரும் நண்பர் சிலரும் சேர்ந்து தாமே ஒரு படத்தை எடுக்கத் துணிந்தனர். 1935-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் பெரும்பகுதி கௌதமாலா நாட்டுக் காடுகளில் எடுக்கப்பட்டது. 1928-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் குண்டெறிதலில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஹெர்மன் பிரிக்ஸ் அதில் டார்ஜானாக நடித்தார். அவர் திருந்திய ஆங்கிலத்தில் பேசினார். எனினும் வைஸ்முல்லரின் புகழ் வெள்ளத்தின் முன் அம்முயற்சி நிலைத்து நிற்க இயலவில்லை. படைத்தவராலும் மீட்க முடியாத அளவுக்குப் படைப்பு கைமாறிவிட்டது.

காலத்தின் குரலுக்கேற்பக் கதைத் தலைவனின் பகைவரும் மாறினர். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டு வெளிவந்த படத்தில், காட்டுக்குள் புகுந்த நாஜிப் படையினரை டார்ஜான் எதிர்க்கிறான். தொடக்கத்தில் போரில் தலையிட விரும்பாது ஒதுங்கியிருக்கும் அவன், தன் வளர்ப்பு மகனுக்குத் தீங்கு நேர்ந்ததும் பொங்கி எழுகிறான். சில ஆண்டுகள் ஒதுங்கி நின்று, பின்னர்ப் போரில் இறங்கிய அமெரிக்க நாட்டின் நிலையே இக்காட்டு வீரனின் நிலையாகவும் காட்டப்பட்டது எனலாம்.

வைஸ்முல்லருக்குப் பின் லெக்ஸ் பார்க்கரும், அவருக்குப் பின் கார்டன் ஸ்காட்டும் டார்ஜானாயினர். இவர்கள் காலத்தில் இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. படமெடுப்போர் ஆப்பிரிக்காவுக்கே சென்று காட்சிகளை எடுக்கத் தொடங்கினர். 1957-ஆம் ஆண்டு முதல் படங்கள் வண்ணத்தில் வெளிவந்தன. 1959-ஆம் ஆண்டு ஜான் கில்லர்மின் இயக்கிய படம் ஒரு திருப்பமாக அமைந்தது. கென்யா நாட்டில் எடுக்கப்பட்ட அப்படத்தில், கார்டன் ஸ்காட் தெளிவாகவும் அளவாகவும் பேசினார். வைரத்தைத் தேடிக் கொலையும் செய்யும் வெள்ளையர் கூட்டத்தை அவர் பின்தொடர்ந்து செல்கிறார். அக்கூட்டத்தில் ஒருவராக நடித்த சான் கானரி, பின்னர் உலகறிந்த நடிகரானார். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் டார்ஜானுக்கு நாவு மீண்டது. தீமை செய்வோர் வெளியிலிருந்து வந்தவர் என்பதும் வலியுறுத்தப்பட்டது.

1960-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்க நாடுகள் பதினேழு விடுதலை பெற்றன. அதன்பின் டார்ஜான் ஆப்பிரிக்காவை விட்டு உலகப் பயணம் புறப்பட்டது எண்ணத்தக்கது. 1962-இல் ஜாக் மஹோனி நடித்த படத்தில் அவன் இந்தியாவுக்கு வந்தான். அணை கட்டுவதால் நீரில் மூழ்கவிருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து முந்நூறு யானைகளைக் காப்பாற்றுவதே அப்படத்தின் கதை. இந்தியாவிலேயே எடுக்கப்பட்ட அதில் பெரோஸ் கான், சிமி ஆகிய நம் நாட்டு நடிகர்களும் தோன்றினர். இம்முறை யானைகளுக்குப் போலிக் காது வேண்டியிருக்கவில்லை! அடுத்த ஆண்டு வந்த படம் தாய்லாந்தில் எடுக்கப்பட்டது; பின்வந்தவை மெக்சிகோவிலும் பிரேசிலிலும் எடுக்கப்பட்டன. 1966 முதல் 1968 வரை ரான் ஈலி நடித்த தொடர் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் சென்றது. ஆபத்தான காட்சிகளையும் தாமே நடித்த ஈலி பலமுறை காயமுற்றார்.

அவ்வெளிநாட்டுப் படங்களுக்கு நெடுநாள் முன்னரே நம் நாட்டார் தமக்குரிய காட்டு வீரர்களைத் திரையில் படைத்துவிட்டனர். 1937-ஆம் ஆண்டு பம்பாயில் ஹோமி வாடியா இந்தி மொழியில் எடுத்த 'தூபானி டார்ஜான்' என்னும் படத்தில் ஜான் காவஸ் நடித்தார். அடுத்த ஆண்டே தமிழில் 'வனராஜா கார்ஸன்' வெளிவந்தது. கதைகளுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

1984-ஆம் ஆண்டு ஹியூ ஹட்சன் இயக்கிய படம் மூல நூலின் உணர்வை மீண்டும் நாடியது. கிறிஸ்டோபர் லாம்பர்ட் நடித்த அப்படத்தில் 'டார்ஜான்' என்ற பெயரே ஒலிப்பதில்லை. காட்டில் வளர்ந்தவன் மனித மொழியை ஒவ்வொரு சொல்லாகக் கற்கும் அருமையையும், பாட்டனாரின் மாளிகையில் அவன் அடையும் தவிப்பையும் படம் எடுத்துக்காட்டுகிறது. லண்டன் மாநகரில், ஆராய்ச்சிக்கெனக் கூண்டில் அடைக்கப்பட்ட தன் வளர்ப்புத் தந்தையாகிய குரங்கை அவன் காணும் காட்சி நெஞ்சை உருக்கும். யார் விலங்கு, யார் மனிதன் என்ற வினா அங்கே எழுகிறது.

1999-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனத்தார் ஓவியங்களை இயங்கச்செய்து ஒரு டார்ஜான் படத்தை வெளியிட்டனர். வரைந்த காட்டுக்குள் காண்போரே பறந்து செல்வது போன்ற உணர்வைத் தருவதற்குக் கணிப்பொறியின் துணையோடு புதிய முறை ஒன்றை வகுத்தனர். மரக்கிளைகளில் டார்ஜான் வழுக்கிச் செல்லும் விரைவு சிறுவர்களைக் கவர்ந்தது. ஆனால், ஆப்பிரிக்காவில் நிகழும் அக்கதையில் ஆப்பிரிக்க மக்கள் ஒருவரும் இல்லை. தவறாகக் காட்டிவிடுவோமோ என்ற அச்சம் காரணமாயிருக்கலாம். ஆயினும் ஒரு நாட்டு மக்களை இழிவாகக் காட்டுவது ஒரு குறை என்றால், அவர்களை அறவே காட்டாமல் விடுவதும் மற்றொரு குறையே அன்றோ?

2016-ஆம் ஆண்டு டேவிட் யேட்ஸ் இயக்கிய படம் இக்குறையைப் போக்க முயன்றது. அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டு அதில் கற்றறிந்த பிரபுவாகிய டார்ஜானாகத் தோன்றினார். கதை நிகழும் இடம் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் பிடியில் அகப்பட்டிருந்த காங்கோ. 1885 முதல் 1908 வரை அம்மன்னர் அந்நாட்டைத் தம் சொந்த உடைமை போல் ஆண்டார். தந்தத்துக்காகவும் ரப்பருக்காகவும் மக்கள் சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளாயினர். அக்கொடுமையை நேரில் கண்டு, 1890-ஆம் ஆண்டு மன்னருக்கே வெளிப்படையான மடல் எழுதிக் கண்டித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின அமெரிக்க வரலாற்றாசிரியர். அவரையே கதைமாந்தருள் ஒருவராக்கி, சாமுவேல் ஜாக்சன் அவ்வேடம் ஏற்க அப்படம் அமைந்தது. பழைய படங்கள் மறைத்த உண்மை வரலாறு இவ்வாறு திரையேறியது. எனினும் மக்களை மீட்க முன்நிற்பவன் இங்கும் வெள்ளையனே என்ற குறையை அறிஞர் சுட்டிக்காட்டினர். அப்படத்தின் காட்டிலும் பெரும்பகுதி இங்கிலாந்துப் படப்பிடிப்பு நிலையத்தில் அமைந்ததே.

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. லூசியானாச் சதுப்பு நிலமும், புளோரிடா ஊற்றும், இங்கிலாந்துப் படநிலையமும் திரையில் ஆப்பிரிக்காவாக மாறின. அறிவாளி பேச்சற்றவனாக மாறினான். பேச்சற்றவன் மீண்டும் பேசினான். பேசவே இடமின்றி நின்றவர் அந்நாட்டு மக்களே. ஆகவே, திரையில் தோன்றும் நாடு உண்மை நாடு என்று கொள்ளுதல் பேதைமை. அஃது ஒரு காலத்தில் வாழ்ந்த சிலர், தொலைவில் உள்ள ஒரு நாட்டைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தின் நிழலே ஆகும்.

இதனால் டார்ஜான் படங்களைக் காணலாகாது என்பது கருத்தன்று. வைஸ்முல்லரின் நீச்சலையும், கொடோனாவின் தாவுதலையும் கண்டு மகிழலாம். ஆனால் மகிழும்போதே அறிவின் கண்ணையும் திறந்து வைத்தல் வேண்டும். இவ்யானையின் காது மெய்யா, பொய்யா என்று கேட்பவன், இம்மக்களைப் பற்றிய செய்தி மெய்யா, பொய்யா என்றும் கேட்கப் பழகுவான். மலை விளிம்பிலிருந்து வீழ்ந்த அச்சுமைகாரர்க்கும் ஒரு கதை உண்டு. அக்கதையை அவர் நாட்டு மக்களே எழுதும் நூல்களிலும், எடுக்கும் படங்களிலும் தேடிக் காண்பது கற்றவர் கடன்.